செகிஞ்சான் வயலுக்குப் பின்னே ஒரு கறுப்புத் தண்ணீர்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகளின் நச்சரிப்பும் வந்துவிடும். "எங்கேயாவது கூட்டிக்கொண்டு போங்கள்" என்று காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. கையிலோ காசு கொஞ்சம். நேரமோ அதைவிடக் கொஞ்சம். அப்படிப்பட்ட நேரத்தில் சிலாங்கூர்க்காரர்களாகிய நமக்குக் கைகொடுக்கும் ஊர்களில் ஒன்று செகிஞ்சான்.

கோலசிலாங்கூரிலிருந்து வடக்கே புறப்பட்டுப் பாசிர் பெனாம்பாங் பாலத்தைத் தாண்டுங்கள். தஞ்சோங் காராங் வரும். அதையும் கடந்தால் செகிஞ்சான். ஒரு பக்கம் கடல். மறு பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் வயல். நாற்று நட்ட மாதத்தில் போனால் பச்சைப் பட்டு விரித்தாற்போல் இருக்கும். அறுவடைக்கு முன் போனால் பொன் தகடுதான். பிள்ளைகள் வரப்பில் ஓடுவார்கள். பெண்கள் பாகான் பக்கம் போய் அன்றைக்குப் பிடித்த மீனாகப் பார்த்து வாங்குவார்கள். ரெடாங் கடற்கரையில் சிவப்புத் துணி கட்டித் தொங்கவிட்ட வேண்டுதல் மரத்தின் கீழ் நின்று படம் பிடித்துக்கொள்ளலாம். மாலையில் வீடு திரும்பினால் பயணம் முடிந்தது என்று நினைப்போம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் போய்வந்தேன்.

சென்ற முறை என் பேத்தியையும் அழைத்துப் போனேன். பத்து வயதுப் பெண், வாய் ஓயாது. வயல் ஓரத்து வாய்க்காலில் காலை நனைத்துக்கொண்டு நின்றவள், "தாத்தா, இந்தத் தண்ணியெல்லாம் எங்கேருந்து வருது?" என்று கேட்டாள். "ஆற்றிலிருந்து" என்றேன். "எந்த ஆறு? ஏன் தேத்தண்ணி மாதிரி இருக்கு?" என்று திரும்பக் கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போன பயணத்தைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்லப் போகிறேன். நீங்களும் கூட வாருங்கள்.

இந்த வயல்களுக்குத் தஞ்சோங் காராங் நீர்ப்பாசனத் திட்டம் என்று பெயர். 1930-களில் தொடங்கியது. கடற்கரையை ஒட்டி ஏறக்குறைய 40 கிலோமீட்டர் நீளம், 5 கிலோமீட்டர் அகலம். சாவா செம்பாடான் முதல் பாகான் தெராப் வரை எட்டுப் பிரிவுகள். அவற்றில் செகிஞ்சானும் ஒன்று. சுங்கை பெர்ணாம் ஆற்றில் மதகு வைத்துத் தண்ணீரைத் திருப்புகிறார்கள். அது ஒரு கால்வாய் வழியாகச் சுங்கை தெங்கி ஆற்றுக்கு வருகிறது. அங்கே இன்னொரு மதகு. அதிலிருந்து பெரிய வாய்க்கால், பின் சிறிய வாய்க்கால், பின் வயல். இத்தனை தூரம் வரும் தண்ணீர் வழியில் ஒரு பெரிய காட்டைத் தொட்டுக்கொண்டு வருகிறது. அந்தக் காடுதான் வட சிலாங்கூர்ச் சதுப்புக் காடு.

வயலில் நின்று கிழக்கே பாருங்கள். அடிவானத்தில் கறுப்புக் கோடு போட்டாற்போல் மரங்கள் தெரியும். சுங்கை காராங், ராஜா மூசா என்ற இரண்டு பெரிய வனக் காப்பகங்களும், அவற்றை ஒட்டிய பகுதிகளும் சேர்ந்து ஏறக்குறைய 80,000 ஹெக்டர். அதாவது 2 லட்சம் ஏக்கருக்குக் கிட்ட. நம் தோட்டங்களில் சில இந்தக் காட்டின் விளிம்பில்தான் இருக்கின்றன. வேலைக்குப் போகும்போது தினமும் பார்க்கிறோம். உள்ளே என்ன இருக்கிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

அங்கே தரை என்பது நாம் நினைக்கும் தரை அல்ல. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக உதிர்ந்த இலையும் விழுந்த மரமும் தண்ணீரில் ஊறி, மக்கியும் மக்காமலும் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. மலாய்க்காரர்கள் 'தானா கம்புட்' என்பார்கள். கையில் அள்ளிப் பிழிந்தால் பஞ்சைப் பிழிந்தாற்போல் தண்ணீர் கொட்டும். மழைக் காலத்தில் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு, வெயில் காலத்தில் கொஞ்சங் கொஞ்சமாக விடும். அந்த இலைகளின் சாயம் இறங்கித்தான் தண்ணீர் தேத்தண்ணீர் நிறமாகிறது. ஆழமான இடத்தில் கறுப்பாகவே தெரியும். அழுக்கு என்று நினைத்துவிடாதீர்கள். கண்ணாடிக் குவளையில் எடுத்துப் பார்த்தால் தெளிவாக இருக்கும். ஆனால் புளிப்புத் தன்மை மிகுதி. சாதாரண ஆற்று மீனைக் கொண்டுபோய் விட்டால் பெரும்பாலானவை தாங்கா.

தாங்காத தண்ணீரிலும் வாழப் பழகிய மீன்கள் அங்கே உண்டு. விரால், கெளுத்தி, நாம் 'புயூ' என்று சொல்லும் பனையேறிக் கெண்டை இவையெல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை. தண்ணீரில் காற்றுக் குறைந்தால் மேலே வந்து வாயால் காற்றைக் குடித்துவிட்டுப் போகும் வல்லமை இவற்றுக்கு உண்டு. தெரியாதவையும் இருக்கின்றன. நம் பையன்கள் போத்தலில் போட்டுச் சண்டை விடும் சண்டை மீனுக்கு ஓர் உறவு மீன் இங்கே இருக்கிறது. சுண்டுவிரல் நீளந்தான். கறுத்த உடலில் பச்சைப் பொட்டு மின்னும். 'பெட்டா லிவிடா' என்று 1992-இல் அறிஞர்கள் அதற்குப் பெயர் சூட்டினார்கள். உலகத்தில் சிலாங்கூரைத் தவிர வேறெங்கும் இந்த மீன் கிடையாது. 1987-இல் பெயர் பெற்ற 'பரோஸ்ப்ரோமெனஸ் ஹார்வேயி' அதைவிடச் சிறியது. கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட உடல். செட்டையின் ஓரத்தில் நீல விளிம்பு. நீருக்கடியில் கிடக்கும் இலையின் அடியில் முட்டை ஒட்டியிருக்கும். தாய் மீன் போய்விடும். தகப்பன் மீன்தான் குஞ்சு பொரிக்கும்வரை காவல் இருக்கும். நம் வீட்டு ஆண்கள் கவனிக்க வேண்டிய விஷயம்!

சிரித்துவிட்டுப் போக முடியாத செய்தி ஒன்றும் உண்டு. இந்த இரண்டு மீன்களும் அழியும் ஆபத்தில் இருப்பவை என்று உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் ஏறிவிட்டன. காரணம் என்ன?

முதற் காரணம் கால்வாய்கள். காட்டில் மரம் வெட்டிய காலத்தில் கட்டைகளை மிதக்கவிட்டு வெளியே கொண்டுவரக் கால்வாய் தோண்டினார்கள். சுற்றிலும் விவசாயத்துக்காகவும் தோட்டத்துக்காகவும் பாரிட்டுகள் வெட்டினார்கள். மண்வெட்டி பிடித்து அந்தப் பாரிட்டுகளை வெட்டியவர்களில் நம் பாட்டன்மாரும் உண்டு. வயிற்றுப்பாட்டுக்குச் செய்தார்கள், அவர்கள்மேல் குற்றமில்லை. மரம் வெட்டி முடிந்தது. ஆனால் கால்வாய்கள் மூடப்படவில்லை. குடத்தில் ஓட்டை விழுந்தாற்போல் காட்டுத் தண்ணீர் இரவும் பகலும் வடிந்துகொண்டே இருந்தது. பஞ்சு காய்ந்தது. காய்ந்த கம்புட் மண் தணிந்து உட்காரும். வெயில் காலத்தில் ஒரு தீப்பொறி போதும், தீ பிடித்துக்கொள்ளும். அந்தத் தீ மேலே எரிவதோடு நிற்காது. தரைக்கடியில் கனன்று, இங்கே அணைத்தால் அங்கே கிளம்பும்.

புகையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2005 ஆகஸ்டு மாதத்தில் கோலசிலாங்கூரிலும் போர்ட் கிள்ளானிலும் காற்று மாசுக் கணக்கு 500-ஐத் தாண்டி, அவசரநிலை அறிவிக்கப்பட்டது நினைவிருக்கும். பள்ளிக்கூடங்களை மூடினார்கள். அந்தப் புகையில் பெரும்பகுதி கடல் கடந்து சுமத்ராவிலிருந்து வந்தது. ஆனால் அங்கே எரிந்ததிலும் பெரும் பங்கு இதே மாதிரிக் காய்ந்துபோன கம்புட் மண்தான். காட்டைக் காயவிட்டால் என்ன நடக்கும் என்பதை நம் பிள்ளைகள் இருமலாக அனுபவித்தார்கள்.

இனி நல்ல செய்திக்கு வருவோம். 2008 முதல் சிலாங்கூர் வனத்துறையும் உலகச் சுற்றுச்சூழல் மையம் என்ற அமைப்பும் சேர்ந்து ராஜா மூசாக் காட்டைச் சீர்செய்யத் தொடங்கின. அவர்கள் முதலில் கை வைத்தது மரத்தில் அல்ல, தண்ணீரில். கால்வாயின் குறுக்கே கட்டைகளை அடித்து, மண்ணும் மணல் மூட்டையும் போட்டு அடைத்தார்கள். ஓரிடத்தில் மட்டும் அடைத்தால் தண்ணீர் உடைத்துக்கொண்டு போய்விடும். ஆகவே படிக்கட்டுப்போல ஒன்றன்பின் ஒன்றாகப் பல அடைப்புகள். மிஞ்சிய தண்ணீர் வழிந்து போக இடமும் வைத்தார்கள். தண்ணீர் மட்டம் மெல்ல மெல்லத் தரைக்குக் கிட்டே ஏறியது. நனைந்த மண்ணில் தீ எளிதில் பிடிப்பதில்லை.

அதன் பிறகுதான் மரம் நட்டார்கள். வெயிலைத் தாங்கி விரைவில் வளரும் மாஹாங், தெங்கேக் பூரோங் போன்ற நாட்டு மரங்கள். அவை நிழல் தந்தால் மற்ற மரங்கள் தாமாக முளைக்கும். மாணவர்களும் தொண்டர்களும் வந்து சேற்றில் இறங்கி நட்டார்கள். சுற்று வட்டாரக் கம்பத்து மக்கள் 2012-இல் 'வட சிலாங்கூர்ச் சதுப்புக் காட்டின் நண்பர்கள்' என்று ஒரு சங்கம் அமைத்து, கன்று வளர்ப்பதும் தீ வராமல் பார்ப்பதுமாக உதவி வருகிறார்கள்.

தண்ணீர் நின்றால் மீனுக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். கறுப்புத் தண்ணீர் மீனுக்கு மூன்று வேண்டும்: வறட்சியிலும் வற்றாத தண்ணீர், வெயில் படாத நிழல், உதிர்ந்த இலை. அடைப்பு முதலாவதைத் தருகிறது. மரம் மற்ற இரண்டையும் தருகிறது. ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. எரிந்துபோன காடு பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பழைய காடு ஆகிவிடாது. ஆயிரம் ஆண்டுகளில் சேர்ந்த மண் அது. சீர்செய்வது நல்லதுதான், அதைவிட நல்லது, மிஞ்சியிருப்பதைக் கெடுக்காமல் காப்பது.

நானும் பேத்தியும் பெஸ்தாரி ஜெயா பக்கம் போய்ச் சேர்ந்தபோது பிற்பகல். பத்தாங் பெர்ஜுந்தை என்றால்தான் நம் பெரியவர்களுக்குப் புரியும். இங்கேதான் தென்னமரம் தோட்டம். பெயரே தமிழ்! 1917-இல் ஹென்றி பாக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் மலாயாவின் முதல் செம்பனைத் தோட்டத்தை அங்கே போட்டார். தென்னை பெயரைத் தாங்கிய தோட்டத்திலிருந்து செம்பனை நாடெங்கும் பரவிய கதை அது. காட்டுக்குள் நாங்கள் போகவில்லை. வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது, நீங்களும் போகாதீர்கள். வெளியே ஒரு வாய்க்கால் கரையில் நின்று பார்த்தோம். ஒரு மலாய்ப் பெரியவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய வாளியில் நாலைந்து புயூவும் ஒரு விராலும் கிடந்தன. பேத்தி குனிந்து விராலைத் தொட்டாள். எனக்கு ஐம்பது வருடத்துக்கு முந்திய நினைவு வந்துவிட்டது.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். நான் பிறந்த தோட்டத்தில் லயத்துக்குப் பின்னால் ஒரு சிற்றோடை உண்டு. வீட்டில் யாராவது பிள்ளை பெற்றால், அப்பா அந்த ஓடையில்தான் விரால் பிடித்து வருவார். பத்தியச் சோற்றுக்கு அதைவிட நல்லது இல்லை என்பாள் பாட்டி. 1974-ஆம் ஆண்டு, எனக்கு வயது பதினாறு. மருந்து அடிக்கும் வேலைக்குப் போய்ச் சேர்ந்த புதிது. ஒரு நாள் வேலை முடிந்ததும், பூச்சி மருந்து அடித்த பம்பைத் தூக்கிக்கொண்டுபோய் அந்த ஓடையில் கழுவினேன். மிச்ச மருந்தையும் அதிலேயே கொட்டினேன். எல்லாரும் செய்வதுதானே என்று நினைத்தேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

மறுநாள் காலையில் லயத்துப் பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். போய்ப் பார்த்தால் ஓடை முழுக்க வெள்ளை வயிறு. விரால், கெளுத்தி, பொடி மீன், பெயர் தெரியாத மீன் எல்லாம். "யாரோ பாவி துபா வேரைப் போட்டுவிட்டான்" என்றார் அப்பா. நான் வாய் திறக்கவில்லை. அந்த மாதம் என் அக்காவுக்குக் குழந்தை பிறந்தது. அப்பா தூண்டிலோடு மூன்று நாள் போய் மூன்று நாளும் வெறுங்கையோடு வந்தார். பிறகு டவுனுக்குப் போய்க் காசு கொடுத்து மீன் வாங்கி வந்தார். அவர் கண்ணை மூடும்வரை நான் உண்மையைச் சொல்லவில்லை. இன்று உங்களிடம் சொல்லிவிட்டேன்.

ஏன் சொல்கிறேன் என்றால், காட்டைச் சீர்செய்ய வனத்துறை இருக்கிறது. நம் லயத்துக்குப் பின்னால் ஓடும் ஓடைக்கு நாம்தான் இருக்கிறோம். ஆற்றங்கரையை ஒட்டி ஓர் அகலத்துக்கு இயற்கையாக விட்டுவிட வேண்டும் என்று வடிகால் நீர்ப்பாசனத் துறை வழிகாட்டி வைத்திருக்கிறது. 5 மீட்டருக்குக் குறைவான ஓடை என்றால் ஒவ்வொரு கரையிலும் 5 மீட்டர். 40 மீட்டருக்கு மேற்பட்ட ஆறு என்றால் 50 மீட்டர். இந்தப் பட்டையில் புல்லும் புதரும் மரமும் இருந்தால் மண் கரையாது, உரமும் மருந்தும் நேராகத் தண்ணீரில் இறங்காது, மீனுக்கு நிழலும் கிடைக்கும். செம்பனைக்கு நல்ல சான்றிதழ் வேண்டும் என்று விரும்பும் கம்பெனிகளும் இதைக் கடைப்பிடிக்க வேண்டியவைதான். ஆகவே கரையோரத்தில் மருந்து அடிக்கச் சொன்னால், "இது ஆற்றுக் கரை ஆயிற்றே?" என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு நியாயம் இருக்கிறது. மருந்து மீனை மட்டுமா பாதிக்கிறது? முதலில் அடிப்பவர் உடம்பைத்தானே? எத்தனையோ பேர் நகமும் கண்ணும் கெட அடித்த பாராகுவாட் களைக்கொல்லி 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து இந்த நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. தட்டிக் கேட்ட பல குரல்கள் சேர்ந்து கொண்டுவந்த மாற்றம் அது.

மற்றவை நம் கையிலேயே இருப்பவை. பம்பையும் மருந்துப் போத்தலையும் ஓடையில் கழுவாதீர்கள். துபா வேரும் மின்சாரமும் வைத்து மீன் பிடிப்பவர்களைத் தடுங்கள். அவை பெரிய மீனோடு குஞ்சையும் கொல்லும். கம்புட் மண்ணில் குப்பை கொளுத்தாதீர்கள். பிள்ளைகள் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் வெளிநாட்டு மீன் பெரிதாகிவிட்டால், 'பாவம், பிழைத்துப் போகட்டும்' என்று ஆற்றில் விட்டுவிடுகிறோம். தொட்டிப் பாசியைத் தின்னுமென்று வாங்கும் 'பண்டாராயா' மீன் அப்படித்தான் ஆறுகளில் பெருகிவிட்டது. அதைப் பிடித்து அகற்றத் தொண்டர்கள் இன்று வலையோடு அலைகிறார்கள். புண்ணியம் என்று நினைத்துச் செய்வது நம் நாட்டு மீனுக்குப் பாவமாக முடிகிறது.

'நம்மால் என்ன ஆகும்?' என்று நினைக்காதீர்கள். இலங்கையில் கேகாலைப் பகுதியில் கலாபிட்டமடை என்ற ஊர் இருக்கிறது. வயலுக்கும் ரப்பருக்கும் நடுவே ஓடும் ஒரு சிற்றோடை. 1991-இல் உலகுக்குத் தெரியவந்த ஒரு சின்னக் கெண்டை மீன் அந்த ஓடையில்தான் வாழ்ந்தது. 'பந்துலா கெண்டை' என்று பெயர். அது அழியும் கட்டத்துக்கு வந்தபோது, அதிகாரிகளும் அறிஞர்களும் ஊர் மக்களைச் சேர்த்துக்கொண்டு ஓடைக் கரையைச் சீர்செய்தார்கள். பெரிய காடு அல்ல, பெரிய ஆறு அல்ல. நம் தோட்டத்து ஓடையைப் போன்ற ஒன்றுதான்.

பொழுது சாய்ந்ததும் கம்போங் குவாந்தானுக்குப் போனோம். சிலாங்கூர் ஆற்றங்கரையில் படகில் ஏறிக்கொண்டால், இருட்டில் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒன்றாக மின்னி ஒன்றாக அணையும். தீபாவளி விளக்குத் தோற்றுப்போகும். அந்த மின்மினியின் புழு கரையோரத்துச் சேற்றில் நத்தையைத் தின்று வளர்கிறது. வளர்ந்தபின் மரத்துக்கு ஏறுகிறது. கரையை வழித்துவிட்டால் விளக்கும் அணைந்துவிடும். 2009-இல் மாநில அரசு அந்த ஆற்றங்கரையைப் பாதுகாப்பு மண்டலமாக அறிவித்ததற்கு அதுதான் காரணம். பேத்தி படகிலிருந்து கைநீட்டினாள். "தாத்தா, நீங்க மருந்து கழுவுன ஓடையில இப்ப மீன் இருக்கா?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. தோட்டத்தை விட்டு வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. அடுத்த விடுமுறையில் அவளை அங்கே அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். கரையில் நட இரண்டு கன்றுகளும் கொண்டுபோகப் போகிறோம்.

நீங்கள் செகிஞ்சானுக்குப் போங்கள். வயலைப் பாருங்கள், மீன் வாங்குங்கள், படமும் பிடியுங்கள். திரும்பும்போது ஒரு நிமிடம் கிழக்கே பார்த்து, அந்தக் கறுப்புத் தண்ணீர்க் காட்டை உங்கள் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும் லயத்துக்குப் பின்னால் இருக்கும் ஓடையையும் ஒருமுறை போய்ப் பாருங்கள்.